உப்பு பார்க்க ஓர் உத்தரவு

அத்தியாயம் 9

வாய் தவறி விட்ட வார்த்தையை எப்படியாவது விழுங்கிவிடலாம். இருபதுக்குப் பத்து ஃப்ளெக்ஸ் பேனரை விழுங்க முடியாது. இது ரிக் மயில்சாமிக்கு உறைத்துவிட்டது என்பதை அவர் மனைவி வசந்தாமணி அமாவாசையன்று காலை ஆறு மணிக்குக் கண்டுகொண்டாள். அந்த நேரத்தில் அவர் வாசலில் குனிந்து தன் கையால் பூப் பறித்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் தன் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடிக்காத மனிதர் அவர். ரிக் வண்டியால் போர் போட்டு ஊருக்கெல்லாம் ஆயிரத்து நானூறு அடியிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தவருக்குச் சமையலறைக் குடம் மட்டும் எட்டாத ஆழமாகவே இருந்தது.

பறித்ததும் சும்மா பறிக்கவில்லை. நந்தியாவட்டை ஒன்று, செவ்வரளி ஒன்று என்று உள்ளங்கையில் வைத்து, சாட்சிக்கு மருமகளையும் கூப்பிட்டுக் காட்டினார். காட்டிவிட்டு உள்ளே வந்தவர், செருப்பை மறந்துவிட்டதுபோல் மறுபடி வெளியே போய், அரளிச் செடியை உரசிக்கொண்டு திரும்பினார்.

அவர்கள் குலதெய்வத்திடம் இது பழக்கம். பெண் பார்க்கப் போவதா, தோட்டம் வாங்குவதா, புது ரிக் வண்டிக்கு எந்த நிறம் அடிப்பது, எதுவானாலும் ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து அம்மன் காலடியில் வைத்துக் கேட்பார்கள். ஒன்றை எடுத்துப் பிரிக்கும்போது வெள்ளை வந்தால் உத்தரவு கிடைத்தது. சிவப்பு வந்தால் அம்மனுக்கு இஷ்டமில்லை. அதற்குமேல் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். யாரும் கேட்க மாட்டார்கள் என்பதுதான் அந்தப் பழக்கத்தில் மயில்சாமிக்கு மிகவும் பிடித்த பகுதி.

மூன்று வாரத்துக்கு முன்னால் நாமக்கல்லில் நடந்த கல்யாண விருந்து வாசகர்களுக்கு நினைவிருக்கும். பந்தியில் மயில்சாமிக்குப் பக்கத்து இலையில் சம்பந்தி தனபால் உட்கார்ந்திருந்தார். மருமகள் சண்முகப்பிரியாவின் அப்பா. அதே ஊரில் நான்கு கோழிப்பண்ணைக்குச் சொந்தக்காரர். போன மே மாதம் சுவிட்சர்லாந்து போய்வந்தவர். அங்கிருந்து மாட்டு மணி ஒன்றைக் கொண்டுவந்து வாசல் கேட்டில் கட்டியிருக்கிறார். யார் போனாலும் அதை ஆட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், ஆட்டினால் உடனே பனி பற்றிய கதை ஆரம்பமாகும். அன்றைக்கு ரசம் வருவதற்குள் ஐந்தாவது தடவையாகப் பனி பெய்துகொண்டிருந்தது. மயில்சாமிக்குத் தாங்கவில்லை.

"பனியில என்னங்க சம்பந்தி இருக்குது. வெயிலடிச்சாக் கரைஞ்சு போயிரும்" என்றார். "நாங்க பொலிவியா போறமுங்க. தென் அமெரிக்கா. பன்னெண்டாயிரம் அடி ஒசரத்துல கண்ணுக்கெட்டுன தூரம் உப்புங்க. தனி வண்டி, தனி கைடு. நாங்க கும்பலோட எல்லாம் போறதில்ல."

எதிர் வரிசையில் வசந்தாமணியின் கையில் இருந்த அப்பளம் அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த உப்பு அவளுடையது.

நான்கு மாதமாக மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் அவள் போனில் பார்க்கிற வீடியோ அது. மலைமேல் ஒரு வெள்ளை வெளி. மழை பெய்தால் அதன்மேல் விரற்கடை அளவு தண்ணீர் நிற்கிறது, வானம் முழுவதும் அதற்குள் வந்து படுத்துக்கொள்கிறது. சிவப்புப் பாவாடை கட்டிய ஒரு பெண்பிள்ளை கால் நனைய நடக்கிறாள். மேலேயும் மேகம், கீழேயும் மேகம். மயில்சாமி ஒரே ஒரு நாள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, அது எந்த ஜவ்வரிசி மில்லுக் களம் என்று கேட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான் அவருக்கும் அந்த உப்புக்கும் இருந்த உறவு.

அவருடைய வண்டி போகாத மாநிலம் இந்தியாவில் இல்லை. வசந்தாமணி போன ஊர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் மூன்று, பிள்ளைக்கு மொட்டை போடப் போனவை.

அப்புறம் காரியம் தானாக ஓடியது. சண்முகப்பிரியா பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். ஒரே நாளில் பொலிவியாவில் எட்கர் என்ற கைடைப் பிடித்து மெயில் போட்டுவிட்டாள். இங்கிலீஷ் பேச அவளும் கூடப் போவதென்று முடிவானது. எட்கர் ஒரு படிவம் அனுப்பினார். இதுவரை போயிருக்கிற அதிகபட்ச உயரம் எவ்வளவு என்று அதில் ஒரு கேள்வி. ஆயிரத்து நானூற்றைம்பது அடி என்று எழுதச் சொன்னார் மயில்சாமி.

"அது நீங்க போர் போட்ட ஆழமுங்க மாமா."

"அடி அடிதான் அம்மிணி. எறங்குனாலும் அடி, ஏறுனாலும் அடி."

மயில்சாமியின் நண்பர்கள் குழு மறுநாளே திருச்செங்கோடு பேருந்து நிலையம் பக்கம் பேனரை ஏற்றியது. 'எட்டுத் திசையும் குழாய் இறக்கியவரே, எட்டாத உயரம் ஏறப் போகிறவரே' என்று இரண்டு வரி. நடுவில் கோட்டு போட்ட மயில்சாமி. கீழே பதினெட்டு பங்காளிகளின் தலைகள், அதில் இரண்டு போன் பேசிக்கொண்டிருந்தன. பொலிவியாவின் படம் கிடைக்காத ஃப்ளெக்ஸ் கடைக்காரர், உப்பு என்று போட்டுத் தேடி, வேதாரண்யத்து உப்பளத்தைப் பின்னால் வைத்துவிட்டார். தலையில் கூடையோடு இரண்டு பெண்கள் மயில்சாமியின் தோள் வழியாக நடந்து போனார்கள். மூலையில் தனி எழுத்தில் 'தனி வண்டி, தனி கைடு' என்று இருந்தது. அது மயில்சாமி போன் போட்டுச் சேர்க்கச் சொன்னது.

போன வாரம் கொல்லிமலை. உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டும், முதலில் சின்ன மலை ஒன்று ஏறிப் பாருங்கள் என்று எட்கர் மரியாதையாக எழுதியிருந்தார். எழுபது கொண்டை ஊசி வளைவில் இருபத்துமூன்றாவதில் மயில்சாமி காரை நிறுத்தச் சொன்னார். இறங்கினார். கீழே பார்த்தார். காலையில் தின்றதையெல்லாம் மலைக்கே கொடுத்துவிட்டார். தக்காளிச் சட்னிதான் காரணம் என்று குடும்பத்தில் ஒருமனதாக முடிவானது. அதே சட்னியைத் தின்ற வசந்தாமணி வளைவுச் சுவரில் கையூன்றி, கீழே சமவெளி முழுவதும் உலரப் போட்ட சேலை மாதிரி கிடப்பதைப் பார்த்துக்கொண்டு, மிளகாய்ப்பொடி தூவிய கொய்யாவைக் கடித்தாள்.

அன்றிலிருந்து மயில்சாமி தண்ணீர்த் தொட்டி பார்க்கக்கூட மொட்டை மாடிக்கு ஏறவில்லை. ரிக் வேலை மும்முரம் என்று சாக்குச் சொல்லிப் பார்த்தார். சத்தீஸ்கரில் வண்டியோடு இருக்கும் மகன் பூபதி, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் காரியத்தைக் கெடுத்தான். முழங்கால் வலி என்றார். வண்டி ஓட்டல் வாசலுக்கே வரும் என்று எட்கர் பதில் போட்டார். மெயில் ஐடி இல்லாத ஒரே ஆள் அம்மன்தான். ஆகவே அம்மனிடம் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தார்.

இன்று மாலை ஏழு மணிக்கு எட்கர் வீடியோவில் வருகிறார். அப்போது உறுதி சொன்னால் வண்டி. இல்லாவிட்டால் தண்ணீர் கண்ணாடியாக நிற்கும் அந்தப் பிப்ரவரி வாரம் வேறு யாருக்காவது போய்விடும். அடுத்த வருடம் போய்க்கொள்ளலாம் என்பார் மயில்சாமி. அந்த அடுத்த வருடத்தை வசந்தாமணி முப்பத்தாறு தடவை பார்த்திருக்கிறாள்.

அவர் குளிக்கப் போனதும் அவள் பூஜை அலமாரிக்குப் போனாள். நேற்றைய செய்தித்தாளில் மடித்த இரண்டு பொட்டலங்கள், ரிக் தொழிலாளி குழாயை முறுக்குகிற மாதிரி இறுக்கமாக. ஒன்றைப் பிரித்தாள். சிவப்பு. மற்றதைப் பிரித்தாள். அதுவும் சிவப்பு.

கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. வாசலுக்குப் போய் இரண்டு நந்தியாவட்டை பறித்தாள். அதே காகிதத்தில் அதே மடிப்பில் வைத்து மடித்தாள். அதற்குள் குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. கையில் மிஞ்சிய இரண்டு அரளியையும் எங்கே போடுவது என்று தெரியாமல், பாஸ்போர்ட்டுகள் இருந்த கைப்பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்தாள்.

'அவிய மடிச்சதையும் நீ பாத்துட்டுத்தான் இருந்த. இப்ப நான் மடிச்சதையும் பாத்துக்க' என்று அலமாரியில் இருந்த அம்மன் படத்திடம் மனதுக்குள் சொன்னாள். மன்னிப்புக் கேட்டமாதிரியும் இருந்தது, மிரட்டினமாதிரியும் இருந்தது.

கோயில் ராசிபுரம் பக்கம், சோளக்காட்டு நடுவில். தனபால் ஏற்கெனவே வந்து புளியமரத்தடியில் காரை நிறுத்தியிருந்தார். பத்து மணி வெயிலில் தலையில் சுவிட்சர்லாந்துக் கம்பளித் தொப்பி. அவரை வரச் சொன்னது மயில்சாமிதான். கௌரவமாகப் பின்வாங்குவதற்கு ஒரு நல்ல சாட்சி வேண்டியிருந்தது.

மயில்சாமி அம்மன் முன்னால் நின்று, பக்கத்து ஊருக்கும் கேட்கிற குரலில் ஆரம்பித்தார். "எனக்குப் போகோணும்னு நெம்ப ஆசைதானுங்க சம்பந்தி. பாஸ்போர்ட்டு வந்தாச்சு. ஊசியெல்லாம் போட்டாச்சு. ஆனா அம்மா வேண்டாமுன்னு சொல்லிப்போட்டா, அதுக்கு மேல நாம ஆருங்க." கடைசி வார்த்தையில் குரல் கரகரத்தது. நேற்று ராத்திரி போர்வைக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தது இதைத்தான் என்று வசந்தாமணிக்கு இப்போது விளங்கியது.

அவள் பாஸ்போர்ட் மூன்றையும் எடுத்து அம்மன் காலடியில் வைத்தாள். பூசாரி ராசு அவற்றுக்கும் குங்குமம் வைத்தார். பிறகு மயில்சாமி நீட்டிய பொட்டலங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஊட்டுல மடிச்சது இங்க ஆகாதுங்க. நானேதான் மடிப்பனுங்க. போன ஐப்பசியில ஒருத்தரு ரெண்டுலயும் வெள்ளையே மடிச்சுக் கொண்டாந்துட்டாருங்க. பொண்ணு ஊட்டுக்கு அரிசி ஆலை இருந்துச்சுங்க."

சொல்லிக்கொண்டே, பூவை வீணாக்குவானேன் என்று பொட்டலங்களைப் பிரித்தார். வெள்ளை. இரண்டாவது. வெள்ளை.

ராசு அடுத்த ஐப்பசிக்கு ஒரு புதுக் கதை கிடைத்த முகத்தோடு நின்றார்.

தனபால்தான் முதலில் சிரித்தார். "ஏனுங்க சம்பந்தி, அம்புட்டு ஆசைங்களா. அம்மனக்கூட நம்பலீங்களே."

மயில்சாமியின் கண்கள் அந்த இரண்டு வெள்ளைப் பூவையும் விட்டு நகரவில்லை. தொள்ளாயிரம் அடிவரைக்கும் புழுதி மட்டும் கக்கிய போரில், மூட்டை கட்டுகிற நேரத்தில் தண்ணீர் பீச்சியடித்தால் அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. தன் கையால் மடித்த இரண்டு சிவப்பு. அலமாரியில் இருந்தவை. யாரும் தொடாதவை. அவர் கைகளைக் குவித்தார், தொண்ணூற்றாறு கிலோவும் ஒரே வீச்சில் தரையில் விழுந்து கும்பிட்டது.

வசந்தாமணி அம்மனைப் பார்த்தாள். அம்மன் வெள்ளிக் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முறைப்படி கேட்டால்தான் ஆச்சு என்று தனபால் பிடிவாதம் பிடித்தார். ராசு திரும்பி நின்று கோயில் பூவிலேயே ஒரு வெள்ளையும் ஒரு சிவப்பும் மடித்து, தட்டில் போட்டுக் குலுக்கி, அம்மன் காலடியில் வைத்தார்.

"ஊட்டம்மா எடுக்கட்டுமுங்க."

வசந்தாமணி இதை எதிர்பார்க்கவில்லை. காலையில் செய்த காரியத்துக்குப் பிறகு அம்மன் தட்டில் கை வைக்க அவளுக்கு விரல் எழவில்லை. இடது பக்கம் போன கை வலது பக்கம் வந்தது. மறுபடி இடது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாள். ராசு பிரித்தார்.

சிவப்பு.

அவளுக்கு அந்தச் சிவப்புப் பாவாடைக்காரி மேகங்களுக்கு நடுவே திரும்பி நடந்து போவது தெரிந்தது.

"சரி விடுங்க சம்பந்தி" என்றார் தனபால். துக்கம் விசாரிக்கிற குரல்தான், ஆனால் கன்னம் இரண்டும் பூரித்திருந்தன. சுவிட்சர்லாந்துக்கு அம்மன் தடை சொல்ல மாட்டாள், நமக்குத் தெரிந்த ஏஜெண்டு இருக்கிறார், மணிகூட அவரே வாங்கித் தருவார் என்று ஆறுதல் சொன்னார்.

மயில்சாமி தரையிலிருந்து எழுந்தார். முழங்காலில் மண். கண்ணில் ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தை வசந்தாமணி அவரிடம் கல்யாணத்தன்று கூடப் பார்த்ததில்லை.

"இல்லீங்க" என்றார். "ரெண்டு வெள்ள, ஒரு செவப்பு."

ராசு திகைத்தார். "மொதல்ல வந்த ரெண்டு கணக்குல சேராதுங்களே."

"சேருமுங்க. அது எப்படிச் சேருமுன்னு எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும்."

இதென்ன சங்கத் தேர்தலா என்று தனபால் கேட்டார். மயில்சாமி காதில் வாங்கவில்லை. மயில்சாமி தட்டில் போட்ட ரூபாய்த் தாளின் கனத்தைப் பார்த்துவிட்டு, பெரும்பான்மையும் ஒரு முறைதான் என்று ராசுவும் ஒத்துக்கொண்டார்.

இப்படியாக, சிவப்பு வேண்டும் என்று வந்த மனிதர் அம்மனே கையில் கொடுத்த சிவப்பைத் தள்ளிவிட்டு, மனைவி மடித்த வெள்ளையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு காரில் ஏறினார். அன்று வந்த பூவில் நிஜமான பூ ஒன்றே ஒன்று. அது வேண்டாம் என்றது. அது அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை.

கார் கிளம்புமுன் தனபால், கூட வந்திருந்த மகளைத் தனியே கூப்பிட்டு, அந்தப் பொலிவியாக் கம்பெனியின் பெயர் என்ன என்று கேட்டார். சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் என்றார். அவர்கள் வண்டி திரும்பும்போது அவர் புளியமரத்தடியில் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனில் எதையோ ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

மாலை ஏழு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப் தயாராக இருந்தது. மயில்சாமி இடுப்புக்கு மேலே கோட்டும் டையும், கீழே வேட்டியும் கட்டி உட்கார்ந்தார். கேமராவுக்குத் தெரிகிற பகுதி மட்டும் தென் அமெரிக்காவுக்குத் தயாராகியிருந்தது. பக்கத்தில் ஆட்டையாம்பட்டி முறுக்கு மூன்று டின், பயணத்துக்குக் கட்டி வைத்தது. இதைக் கொண்டுவரலாமா என்று காட்டிக் கேட்பதற்காக வசந்தாமணி வைத்திருந்தாள்.

திரையில் எட்கர் வந்தார். வெயிலில் காய்ந்த முகம், அகலத் தொப்பி. அவருக்கு அங்கே காலை. பின்னால் வெள்ளை, வெள்ளைக்கு மேல் நீலம், வேறொன்றும் இல்லை. வசந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான்கு மாதம் பார்த்த இடம் இப்போது அவளைப் பார்த்துக் கையை ஆட்டியது.

மயில்சாமியின் முதல் கேள்வி தொழில் கேள்வி. அங்கே தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்கச் சொன்னார். சண்முகப்பிரியா கேட்டு, பதிலைத் தமிழில் சொன்னாள். உப்பை ஒரு அடி தோண்டினால் போதுமாம், தண்ணீர் தானாக ஊறி மேலே வருமாம். அவ்வளவும் உப்புத் தண்ணீர்.

"ஒரு அடியிலயா" என்றார் மயில்சாமி. கால் நூற்றாண்டாகத் திருச்செங்கோட்டுப் பாறையைத் துளைத்தவர் அவர். "ஒரு அடியில தண்ணி இருக்கற ஊர்ல மனுசன் எப்படிப் பொழைக்கிறது" என்று கவலையோடு கேட்டார். அதை சண்முகப்பிரியா மொழிபெயர்க்கவில்லை.

பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைக் காட்டச் சொன்னார் எட்கர். பெயரைச் சரிபார்த்தால் வண்டி உறுதி.

"பையக் கொண்டா" என்று மயில்சாமி கையை நீட்டினார். வசந்தாமணி தானே எடுத்துத் தருவதாகச் சொல்லி முடிப்பதற்குள், அவர் கைப்பையை மேசைமேல் கவிழ்த்துவிட்டார். குங்குமம் அப்பிய மூன்று பாஸ்போர்ட் விழுந்தன. தைல பாட்டில், ஊக்கு, சில்லறை விழுந்தன. கடைசியாக, வாடிக் கறுத்த இரண்டு செவ்வரளி விழுந்தன.

மயில்சாமி ஒன்றை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். காலையில் அவசரத்தில் அவர் இலையோடு பிய்த்த பூ அது. இலை இன்னும் இருந்தது.

யாரும் அசையவில்லை. எட்கர், படம் உறைந்துவிட்டதா, இணைப்பு போய்விட்டதா என்று இரண்டு தடவை கேட்டார்.

"கோயில்ல வந்தது செவப்புத்தான், வசந்தா" என்றார் மயில்சாமி மெதுவாக.

"ஆமாங்க."

"அம்மா வேண்டாமுன்னுதான் சொல்லியிருக்கறா."

"ஆமாங்க. நீங்க ரெண்டு செவப்பு மடிச்சீங்க. நான் ரெண்டு வெள்ள மடிச்சேன்." அவள் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள், அவரைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும் என்பதுபோல். "எனக்கு அத ஒருக்காப் பாக்கோணுமுங்க. கீழயும் மேகம், மேலயும் மேகம். உங்களுக்குப் பயமா இருந்தாக் கண்ண மூடிக்குங்க. நான் பாத்துச் சொல்றேன்."

பயம் என்ற சொல் அந்த வீட்டில் மயில்சாமியைச் சுட்டி இதுவரை சொல்லப்பட்டதில்லை. சண்முகப்பிரியா முறுக்கு டின்னின் மூடியை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தாள்.

"ஆருக்குப் பயம்" என்றார் மயில்சாமி.

டையைத் தளர்த்தினார். மறுபடி இறுக்கினார். அரளியை மேசையில் வைத்தார். பேனர் இருக்கிற திசையை ஒரு தடவை பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரம்.

"அம்மிணி" என்றார் மருமகளிடம். "ஏரோப்ளேன்ல சன்னலோரம் அத்தைக்குப் போட்டிரு. எனக்கு வேண்டாம். சன்னல்ல காத்து வரும், சளி புடிச்சுக்கும்."

"சரிங்க மாமா" என்றாள் சண்முகப்பிரியா, சிரிக்காமல். அதற்கு அவள் பட்ட பாடு வசந்தாமணிக்குத் தெரிந்தது. வசந்தாமணிக்குக் கண் கரித்தது. பொலிவியா உப்பு இங்கேயே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

பாஸ்போர்ட்டைக் காட்டினார்கள். சிவப்புக் கறை என்ன, யாருக்காவது அடிபட்டதா என்று எட்கர் கேட்டார். கடவுள் கையெழுத்து என்று சண்முகப்பிரியா சமாளித்தாள். மூன்று பேர், பிப்ரவரி பத்தாம் தேதி, தனி வண்டி. உறுதி.

இணைப்பை முடிக்கப் போகிற நேரத்தில் எட்கர் இன்னொன்று கேட்டார். சண்முகப்பிரியா கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் மாறியது.

"மாமா, நாமக்கல் நம்ம ஊருக்குப் பக்கமான்னு கேக்கறாருங்க. இன்னிக்குக் காலைல அங்க இருந்து ஒருத்தர் எழுதியிருக்காராம்." கொஞ்சம் தயங்கினாள். "அப்பாதானுங்க. எங்கம்மாவையும் கூட்டிட்டு. ஒம்பதாம் தேதி போட்டிருக்காராம்."

"ஒம்பதா."

"நமக்கு முந்தின நாளுங்க."

மயில்சாமி நாற்காலியில் நிமிர்ந்தார். கொல்லிமலையும் இருபத்துமூன்றாவது வளைவும் தக்காளிச் சட்னியும் அவர் முகத்திலிருந்து துடைத்துப் போட்டமாதிரி போய்விட்டன. எட்டாம் தேதி வண்டி கேட்கச் சொன்னார். இல்லை. ஏழாம் தேதி. அதுவும் இல்லை. ஒன்பதாம் தேதியாவது. ஒன்பதாம் தேதி தனி வண்டி எல்லாம் போய்விட்டது என்றார் எட்கர். பிறகு, உதவ முடிந்த சந்தோஷத்தோடு ஒரு யோசனை சொன்னார். அந்த நாமக்கல் ஐயா செலவு குறையட்டும் என்று பொது வண்டிதான் எடுத்திருக்கிறார். அதில் இன்னும் மூன்று சீட்டு காலி.

மூன்று நாள் பயணம். பன்னிரண்டாயிரம் அடி. ஒரே வண்டியில் தனபாலும் அவருடைய பனிக் கதையும். பேருந்து நிலையத்தில் 'தனி வண்டி, தனி கைடு'.

எட்கர் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் உப்பு பளபளத்தது.

"கேளு அம்மிணி" என்றார் மயில்சாமி கடைசியில். "அந்த மூணு சீட்டு முன்னாலயா, பின்னாலயான்னு கேளு."

வசந்தாமணி இரண்டு அரளியையும் எடுத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அம்மன் வேண்டாம் என்று சொன்னது எதற்காக என்று அவளுக்கு இப்போதுதான் லேசாகப் புரிய ஆரம்பித்தது.